துயிலதிகாரம்: போர்ட் திறந்தபின் இரண்டு நொடி குறித்த ஓர் ஆய்வு

ராஸ்பெர்ரி பையிலிருந்து ஆர்டுவினோ ஊனோவுக்கு யூஎஸ்பி கேபிள் வழியாகச் சீரியல் தரவு அனுப்பும் பைத்தான் ஸ்கிரிப்டுகளில் பாடபேதம் ஏராளம். ஆனால் போர்ட்டைத் திறந்ததும் வரும் 'டைம் ஸ்லீப் இரண்டு' என்ற வரியில் மட்டும் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. ஏன் இரண்டு என்று எழுதியவர் சொல்வதில்லை. நகலெடுத்தவர் கேட்பதும் இல்லை. உரையின்றி வழங்கும் இவ்வரியை நூற்பாவாக்கினால் இப்படி அமையும்:

போர்ட்டைத் திறந்தோன் இருநொடி துயில்க;
துயிலான் முதற்சொல் தொலையும் என்ப.

இதன் பொருள்: துயில வேண்டியது ஸ்கிரிப்ட், எழுதியவர் அன்று, அவர் ஏற்கெனவே தூக்கம் கெட்டவர். ஸ்கிரிப்ட் போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர் இணைப்பு தாழ்கிறது. ஊனோ பலகையில் அது 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றின் வழியாக ரீசெட் காலைத் தொடுகிறது. நிரல் ஏற்றும்போதெல்லாம் பொத்தானை அமுக்கும் வேலை மிச்சம் என்று நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆனால் நிரல் ஏற்ற வந்தவர் யார், 'விளக்கைப் போடு' என்று சொல்ல வந்தவர் யார் என்று கெப்பாசிட்டருக்குத் தெரியுமா? யார் திறந்தாலும் ரீசெட்தான். விழித்த சிப்பில் முதலில் ஓடுவது பூட்லோடர். புது நிரல் வருகிறதா என்று அது சற்றுக் காத்திருக்கும். அந்த நேரத்தில் போன கட்டளை கேட்பாரற்றுப் போகும். பலகையில் 'எல்' என்று குறித்த குட்டி எல்இடி படபடவென்று மின்னினால், காரியம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று கொள்க.

இனி மறுப்பாளர் கட்சிகள். ஒன்றரை நொடி போதும் என்பார் ஒரு சாரார். போதும்தான், ஆனால் அவர்களும் துயில்கிறார்கள். ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் செருகி ரீசெட்டையே தடுப்பார் இன்னொரு சாரார். அடுத்த முறை நிரல் ஏறாமல் அடம்பிடிக்கும்போது, செருகியதை மறந்து கேபிளைத் திட்டுவோரும் இவர்களே. லியனார்டோ பலகைக்காரருக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆகவே அவர்கள் விவாதத்துக்கு அழைக்கப்படவில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். வேகம் 9600 பாட். தொடக்க பிட், முடிவு பிட் உட்பட எழுத்துக்குப் பத்து பிட். நொடிக்கு 960 எழுத்து. விளக்கெரிய ஓரெழுத்து போதும், அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. அந்த ஒரு மில்லிநொடி வேலைக்கு இரண்டாயிரம் மில்லிநொடி காத்திருப்பு! ('1' என்ற எழுத்தை அனுப்பிவிட்டு, மறுமுனையில் 49 வந்தது எப்படி என்று திகைப்போர் கதை தனி அதிகாரம். அது ஆஸ்கி எண் என்பதோடு நிறுத்துகிறோம்.)

கட்டளைக்கு ஒரு தரம் போர்ட்டைத் திறந்து மூடுவோருக்கு இத்தண்டனை ஒவ்வொரு தரமும் உண்டு. அவர்கள் ஒருமுறை திறந்து அப்படியே வைத்திருக்கக் கடவர்.

நம் முடிபு: நொடியை எண்ணுவது வீண். ஆர்டுவினோ நிரலின் செட்டப் பகுதியில், சீரியலைத் தொடங்கியதும் 'தயார்' என்று ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அந்த வரி வரும்வரை ஸ்கிரிப்ட் ரீட்லைனில் காத்திருக்கட்டும். டைம்அவுட் வைக்க மறக்காதீர்கள். அந்த வரி வராமலே போனால் ஸ்கிரிப்ட் விடிய விடியக் காத்திருக்கும்.