ட்ரைவர் பார்த்தீங்களா?

ப்ளூடூத் ஹெட்செட்டைக் கழற்றி லேசாகத் தட்டினால் போதும், அடுத்த வரிசையிலிருந்து சக ஊழியர் ஒருவர் வந்துவிடுவார். “என்ன மேடம், சவுண்டு கரகரங்குதா? ட்ரைவர் பார்த்தீங்களா?” கோளாறு என்னவென்று கேட்கும் வழக்கம் அவரிடம் கிடையாது. விட்டு விட்டுக் கேட்டாலும் ட்ரைவர்தான், ஒரு காதில் மட்டும் கேட்டாலும் ட்ரைவர்தான். சார்ஜ் தீர்ந்து ஹெட்செட் அணைந்து கிடந்தாலும், அதற்கும் ட்ரைவர்தான். “கொஞ்சம் நகருங்க” என்று நாற்காலியைக் கைப்பற்றி, டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் எச்சரிக்கைக் குறியைத் தேடுவார். அது இல்லாவிட்டால் முகம் சற்று வாடும். ஆனாலும் வந்த வேலையை விடமாட்டார். பழைய ட்ரைவரைத் தூக்குவார், புதியதைப் போடுவார், “ஒரு ரீஸ்டார்ட் போட்டுருவோம்” என்பார். கம்ப்யூட்டர் எழுந்ததும் பாட்டு கணீரென்று ஒலிக்கும். “சொன்னேன்ல?”

ஒலி சரியாகிவிடுகிறது என்பதுதான் இதில் பெரிய சங்கடம். ப்ளூடூத்தில் ஒலி போக வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. பாட்டுக்கான வழி ஏ2டிபி: ஸ்டீரியோ, தரமானது, ஆனால் ஒருவழிப் பாதை, ஹெட்செட்டின் மைக் அதில் வேலை செய்யாது. பேசவும் வேண்டுமென்றால் ஹெச்எஃப்பி என்ற தொலைபேசி வழிக்கு மாற வேண்டும். அங்கே ஸ்டீரியோ இல்லை. பாட்டு வழக்கமாக நொடிக்கு 44,100 மாதிரிகளில் பதிவாகிறது. தொலைபேசி வழியில் 8,000, கொஞ்சம் நல்ல ஹெட்செட்டில் 16,000. மீட்டிங் செயலி மைக்கைத் திறந்ததுமே ஒலி கிணற்றுக்குள் போவது இதனால்தான். விண்டோஸ் 10 இந்த இரண்டையும் ‘ஸ்டீரியோ’, ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்று தனித்தனியாகவாவது காட்டியது. விண்டோஸ் 11 ஒரே பெயருக்குள் சேர்த்துவிட்டது. ஆக, இது பழுதே இல்லை, அமைப்பே அப்படி. ரீஸ்டார்ட் செய்தால் செயலி மூடுகிறது, மைக் விடுபடுகிறது, ஒலி பாட்டு வழிக்குத் திரும்புகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நம்மவரோ காக்கைக்குப் புது வெர்ஷன் டவுன்லோடு செய்கிறார். அடுத்த மீட்டிங்கில் கரகரப்பு மறுபடி வரும், அவரும் மறுபடி வருவார். செயலியின் அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அலுவலக இரைச்சலும் அதில் சேர்ந்து கேட்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வழி இருக்கிறதென்று அவர் சொன்னதே இல்லை.

ட்ரைவரால் பிரச்சினையே வராதா என்றால், வரும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ப்ளூடூத் பொத்தானே காணாமல்போனால் அவர் சொல்வதுதான் வேதவாக்கு. ஆனால் ஒலி விட்டு விட்டு வருவதற்கு அலைவரிசை நெரிசலும் காரணமாகலாம். ப்ளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபையும் ஓடுவதுண்டு. யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் அங்கேயே இரைச்சலைக் கொட்டும் என்று இன்டெல் 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. ப்ளூடூத் யுஎஸ்பியில் செருகும் டாங்கிளாக இருந்தால், ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தாலே பாதித் தொல்லை தீரலாம். எந்த ட்ரைவரும் ஹார்டு டிஸ்க்கை நகர்த்தி வைக்காது.

பாவம், காசா கேட்கிறார் என்று அவருக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. நியாயம்தான். ஹெல்ப்டெஸ்க்கை அழைத்தால் டிக்கெட் எண் கிடைக்கும். இவரை அழைக்காமலேயே, டீயை ஆறவிட்டு ஆளே கிடைக்கிறார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்? அதற்காக அவரைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் “சுத்தமா ஆரம்பிப்போம்” என்று ப்ளூடூத் பட்டியலையே காலிசெய்துவிட்டு, ஹெட்செட்டை மட்டும் திரும்பச் சேர்த்துவிட்டுப் போகிறாரே, அதை எப்படிப் பொறுப்பது? அந்தப் பட்டியலில் மவுஸும் கீபோர்டும் இருந்தன சார். அவற்றை யார் சேர்ப்பது?