ரேகை பதிக்காத சபை

ராணிப்பேட்டை, வாலாஜா தோல் டேனரிகளில் உழைத்துவிட்டுக் காவேரிப்பாக்கம் திரும்பும் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்ணாம்பும் ரசாயனமும் தின்ற விரல்கள். ரேஷன் கடை மெஷினில் வைத்தால், "ரேகை விழல, துடைச்சிட்டு வைம்மா" என்பார்கள். ஈரத்தைத் துடைக்கலாம், தேய்ந்துபோன ரேகைக்கு எங்கே போவது? ஓ.டி.பி. உண்டு, கருவிழி உண்டு என்று ஆறுதல் சொல்வார்கள். ஆக, அரிசி வாங்க வந்தவள், தான் தானேதான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும்.

இப்படி நிரூபிக்கச் சொல்லும் ஆதார் சட்டத்துக்கு 'ஆம்' சொன்னவர்கள் யார் யார்? பட்டியல் கேட்காதீர்கள், கிடையாது. 2016 மார்ச் 11 அன்று மக்களவை ஆதார் மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. எந்தப் பக்கம் சத்தம் பெரிது என்பதைச் சபாநாயகரின் காது முடிவு செய்தது. நம்மிடம் பத்து விரல், இரண்டு கருவிழி கேட்டவர்கள், தங்கள் கட்டைவிரலைக்கூடப் பதிக்கவில்லை. டேனரிக்காரரின் ரேகை உழைப்பில் போனது. இவர்களுடையது எதில் போனது?

மாநிலங்களவை தடுத்துவிடாதபடி அதற்குப் 'பண மசோதா' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். மார்ச் 16 அன்று மாநிலங்களவை ஐந்து திருத்தங்களோடு திருப்பி அனுப்பியது. வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்பது அவற்றில் ஒன்று. அன்றே ஐந்தையும் மக்களவை தள்ளிவிட்டது. ஒரு தோல் பதமாகவே பல நாள் பிடிக்கும். நூறு கோடிப் பேரின் அடையாளத்தைப் பதப்படுத்த ஒரு பொழுது போதுமாம்!

2018-இல் உச்ச நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் அதைப் பண மசோதாவாகவே ஏற்றார்கள். அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று எழுதிய நீதிபதி சந்திரசூட் தனி ஆளாக நின்றார்.

குரலாலேயே முடிக்கும் சூட்சுமமும் பழகிவிட்டது. 2021 டிசம்பர் 20 அன்று, வாக்காளர் பட்டியலை ஆதாரோடு இணைக்கும் மசோதா மக்களவையில் அறிமுகமானது, அன்றைக்கே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையில் எதிர்க்கட்சியினர் ஓட்டுகளை எண்ணச் சொன்னார்கள். சபை அமளியில் இருக்கிறதாம், எண்ண முடியாதாம். குரலே போதுமென்று முடித்துவிட்டார்கள்.

நல்லது, அதே விதி எங்களுக்கும் இருக்கட்டும். "அரிசி வேண்டும் என்போர்?" என்று விற்பனையாளர் கேட்கட்டும். தெருவே அதிரக் கத்துகிறோம், மூட்டையைப் பிரியுங்கள்.

முடியாதென்றால், எங்கள் விரலைக் கேட்கும் அடுத்த மசோதாவுக்கு ஒவ்வோர் உறுப்பினரும் பெயர் பதிந்து ஓட்டுப் போடட்டும். தேர்தலுக்குக் கைகூப்பி வருகிறவரிடம், "ஐயா, நீங்கள் எந்தப் பக்கம் கத்தினீர்கள்?" என்று கேட்க எங்களுக்கும் ஓர் ஆதாரம் வேண்டாமா?