பெயர் கிடைத்த சிறுமி

சென்ற இதழில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் லெவனைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கே கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அவளுக்கே.

கே: பார்க்காதவர்களும் இருக்கிறோம். யார் இந்த லெவன்? (வாசகர், கரூர்)

ப: அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்றொரு கற்பனை ஊர். 1983 நவம்பரில் வில் என்ற சிறுவன் காணாமல் போகிறான். அவனைத் தேடிப் போகும் மூன்று நண்பர்கள், கொட்டும் மழையில் காட்டுக்குள் ஒரு மொட்டைத் தலைச் சிறுமியைப் பார்க்கிறார்கள். மணிக்கட்டில் 011 என்று பச்சை குத்தியிருக்கிறது. தொடாமலே பொருளை நகர்த்துவாள். எங்கோ இருப்பவரை மனதாலேயே தேடிக் கண்டுபிடிப்பாள். அரசு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து தப்பி வந்தவள். மேட் டஃபர், ராஸ் டஃபர் என்ற இரட்டைச் சகோதரர்கள் உருவாக்கிய இந்தத் தொடர் 2016 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸில் தொடங்கி, ஐந்து சீசன்கள் ஓடி 2025 கடைசியில் முடிந்தது. சிறுவர்களை நாயகர்களாக வைத்துப் பெரியவர்களுக்குக் கதை சொல்வதா என்று பல தொலைக்காட்சி நிறுவனங்கள் முதலில் இதை மறுத்துவிட்டன.

கே: சக்தியைப் பயன்படுத்தினால் மூக்கில் ஏன் ரத்தம் வர வேண்டும்? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

ப: இலவசமாகக் கிடைக்கும் சக்தியில் கதை இல்லை. ஸ்டீபன் கிங்கின் ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ நாவலில் (1980) பிறர் மனதை வளைக்கும் தந்தைக்கு ஒவ்வொரு முறையும் தலை பிளக்கும். மூளைக்குள் சிறிது சிறிதாக ரத்தம் கசியும். லெவன் அந்த மரபில் வந்தவள். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் நிற்கும்போது, இவளிடம் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று நாம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் பதற்றத்துக்கு வசனமே தேவைப்படுவதில்லை.

கே: லெவனின் மிகப் பெரிய சாகசம் எது? வேனைத் தூக்கி வீசியதா, அரக்கனை அழித்ததா? (வாசகர், மதுரை)

ப: இரண்டும் இல்லை. பூனை.

முதல் சீசன், மூன்றாவது எபிசோட். தலையில் மின்கம்பிகள் மாட்டி லெவனை உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரே கூண்டில் ஒரு பூனை. இதற்கு முன்பு ஒரு கோக் டின்னை மனதால் நசுக்கிக் காட்டி, அவள் ‘பாப்பா’ (அப்பா) என்று அழைக்கும் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் பிரென்னரின் பாராட்டைப் பெற்றிருக்கிறாள். இப்போது பூனையின் முறை. அது சீறுகிறது. அவள் அதைப் பார்க்கிறாள், தொடங்குகிறாள், நிறுத்திவிடுகிறாள். அழுதபடி தலையை ஆட்டி மறுக்கிறாள். உடனே இரண்டு காவலர்கள் அவளை இழுத்துப்போய் இருட்டறையில் தள்ளுகிறார்கள்.

அந்தக் குழந்தைக்கு உலகத்தில் தெரிந்த ஒரே பெரியவர் பிரென்னர். அன்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாமே அவர் கையில். அப்படிப்பட்ட ஆளிடம் ‘மாட்டேன்’ என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அரக்கனோடு மோதும்போது அவளுக்குத் துணையாக நண்பர்கள் இருந்தார்கள். பூனைக்காக மறுத்தபோது யாருமே இல்லை.

அதன் பிறகு நடப்பது இன்னும் கொடுமை. அறையில் அடைக்க வந்த இருவரையும் பயத்தில் அவள் கொன்றுவிடுகிறாள். செய்தி கேட்டு வரும் பிரென்னர் அதிர்ச்சி அடைவதில்லை. பூரித்துப்போய் அவளைக் கையில் தூக்கிக்கொள்கிறார். தான் தேடியது கிடைத்துவிட்டது என்ற நிறைவு அவர் முகத்தில். இந்தத் தொடரின் மிகப் பயங்கரமான முகம் எதுவென்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

கே: முதல் சீசனில் அவள் பேசுவதே இல்லையே. நடிக்க வராததை மறைக்கும் தந்திரமா? (வாசகர், சேலம்)

ப: தலைகீழாகச் சொல்கிறீர்கள். வசனம் இருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். லெவனாக நடித்த மில்லி பாபி பிரவுனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவர் பிறந்தது 2004 பிப்ரவரியில். படப்பிடிப்பு தொடங்கியபோது வயது 11. மொட்டையடிக்கத் தயங்கிய குடும்பத்துக்கு, ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ படத்தில் அதே கோலத்தில் வரும் சார்லிஸ் தெரோனைக் காட்டித்தான் டஃபர் சகோதரர்கள் தைரியம் சொன்னார்கள்.

லெவன் பேசாததற்குக் கதைக்குள்ளேயே காரணம் உண்டு. கட்டளை மட்டுமே கேட்டு வளர்ந்தவளுக்கு உரையாடல் எப்படித் தெரியும்? காட்டில் அவளைக் கண்ட மூவரில் ஒருவனான மைக்கின் வீட்டில் உடை மாற்றப் போகும்போது கதவை முழுக்கச் சாத்த விடமாட்டாள். கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் இருட்டறையின் முழு வரலாறும் தெரிந்துவிடுகிறது.

கே: இப்படியொரு ஆய்வுக்கூடம் உண்மையிலேயே இருந்ததா? (ஆசிரியை, நாகர்கோவில்)

ப: கதையில் உள்ளபடி குழந்தைகளை வளர்த்த கூடம் கற்பனை. அதன் அஸ்திவாரம் உண்மை. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ 1953இல் ‘எம்.கே.அல்ட்ரா’ என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. மனித மனதைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்ப்பதற்காக, பலருக்கு அவர்கள் அறியாமலேயே எல்.எஸ்.டி. போதைப்பொருளைக் கொடுத்தார்கள். 1973இல் அதன் கோப்புகளை அழிக்கச் சொல்லி உத்தரவிட்டவர் அப்போதைய சிஐஏ தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ். தப்பிய ஆவணங்களும் செனட் விசாரணைகளும்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. தொடரில் லெவனின் தாய் டெர்ரி, கருவுற்றிருப்பது தெரியாமல் இந்தத் திட்டத்தில்தான் சேர்ந்திருந்தாள்.

தூரத்தில் இருப்பதை மனதால் பார்க்கும் முயற்சியும் நடந்தது. 1970களில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கி, பிற்காலத்தில் ‘ஸ்டார்கேட்’ என்று பெயர் பெற்ற திட்டம் அது. அரசுப் பணம் ஆண்டுக்கணக்கில் செலவானது. உளவு வேலைக்கு ஒருமுறைகூட உருப்படியாகப் பயன்படவில்லை என்று மதிப்பாய்வு சொல்ல, 1995இல் மூடிவிட்டார்கள்.

கே: மனதால் கரண்டியை வளைக்க முடியுமா? (வாசகர், ஓசூர்)

ப: கரண்டியை யார் கொண்டுவந்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1973இல் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு, மனதால் கரண்டியை வளைப்பதாகச் சொல்லிக்கொண்ட யூரி கெல்லர் வந்தார். மந்திரக்கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் யோசனைப்படி, பொருட்களை நிகழ்ச்சிக்காரர்களே ஏற்பாடு செய்து, கெல்லர் தரப்பு முன்கூட்டியே நெருங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சக்தி வரவில்லை.

கே: மேடையில் மக்களை ஏமாற்றலாம். விஞ்ஞானிகளையும் ஏமாற்ற முடியுமா? (பொறியாளர், சென்னை)

ப: மக்களைவிடச் சுலபமாக. விஞ்ஞானி ஆராயும் கல்லும் காந்தமும் அவரிடம் பொய் சொல்வதில்லை. அதனால் பொய்யைத் தேடும் பழக்கம் அவருக்கு இல்லை. 1979இல் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஐந்து லட்சம் டாலர் நன்கொடையோடு ஓர் அதீத மனசக்தி ஆய்வகம் தொடங்கியது. தங்களுக்குச் சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இரண்டு இளைஞர்கள் சேர்ந்தார்கள். கரண்டி வளைந்தது, ஃபியூஸ் எரிந்தது. உண்மையில் இருவரும் ராண்டி அனுப்பிய மந்திர வித்தைக்காரர்கள். ‘நீ ஏமாற்றுகிறாயா?’ என்று யாராவது நேராகக் கேட்டால் உடனே ஒப்புக்கொள்வது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். பல மாதங்களாக அந்தக் கேள்வி வரவே இல்லை. 1983 தொடக்கத்தில் ராண்டியே உண்மையை உடைத்தார். ஹாக்கின்ஸ் காட்டில் லெவன் நடந்துவந்ததும் அதே ஆண்டில்தான்.

கே: என் தம்பி சீட்டைப் பார்க்காமலே அதிலுள்ள படத்தைச் சொல்கிறான். அவனுக்கும் லெவன் சக்தியா? (பள்ளி மாணவி, ஈரோடு)

ப: 25 சீட்டு எடுத்துக்கொள். வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் – படம் ஒன்றுக்கு ஐந்து சீட்டு. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி.ரைன் 1930களில் செய்த சோதனை இது. குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். ஏழு, எட்டு வந்தாலும் துள்ளாதே. உன் முகத்தையோ, சீட்டு பிரதிபலிக்கும் கண்ணாடியையோ அவன் பார்க்க முடியாதபடி உட்காரவைத்துப் பத்துத் தடவை செய். அப்புறம் எனக்கு எழுது.

கே: என் எட்டு வயது மகளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்கும் பயிற்சி தருவதாகச் சொல்கிறார்கள். ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ என்று பெயர். கட்டணம் ஆயிரக்கணக்கில். சேர்க்கலாமா? (தாய், கோயம்புத்தூர்)

ப: வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம்.

கண்ணைக் கட்டினாலும் மூக்கின் இருபுறமும் சின்ன இடைவெளி இருக்கும். அதன் வழியே கீழே பார்க்கலாம். அந்தக் குழந்தைகள் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் மார்புக்குக் கீழே வைத்து, தலையை லேசாகத் தூக்கிப் படிப்பதைக் கவனியுங்கள். மோவாயின் கீழ் ஓர் அட்டையைப் பிடித்தால் படிப்பு நின்றுவிடும். மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இந்தப் பயிற்சிகளுக்குப் பகிரங்கமாகச் சவால் விட்டவர். அவருக்கும் முன்னோடி, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். அவர் காலமானது 1978இல். அதுவரை அந்தப் பரிசை யாரும் வெல்லவில்லை.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்கு வலிப்பது வேறு. உங்கள் மகளுக்குத் தான் எட்டிப் பார்ப்பது தெரியும். ஆனால் எதிரே அம்மா கண்கலங்கிப் பூரித்து நிற்கிறாள்; மாமாவும் அத்தையும் கைதட்டுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எந்தக் குழந்தைக்கு மனசு வரும்? அன்று தொடங்கும் பொய்யை அவள் தனியாகச் சுமக்க வேண்டும். லெவன் தன் முதல் நண்பர்களிடம் கற்றது, நட்பில் பொய் கூடாது என்பதை. அதைச் சொல்லித்தர ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லை.

கே: இந்த மாதிரிக் கதைகளில் குழந்தைகளுக்கு ஏன் பெயருக்குப் பதில் எண்? (வாசகர், திருச்சி)

ப: எண் போட்டவர் வேலை வாங்கப் போகிறார் என்று அர்த்தம். ஜப்பானில் கட்சுஹிரோ ஓட்டோமோ 1982இல் தொடங்கிய ‘அகிரா’ சித்திரக்கதையில் மனசக்திக் குழந்தைகளின் உள்ளங்கையில் எண் இருக்கும். தங்களைப் பாதித்த படைப்புகளில் ஒன்றாக டஃபர் சகோதரர்களே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ‘ஸ்பை ஃபேமிலி’ சித்திரக்கதையில் பிறர் மனதைப் படிக்கும் குட்டி ஆன்யாவும் ஆய்வுக்கூடத்தில் 007தான். இவர்களை எண்ணிலிருந்து மீட்பது சக்தி அல்ல. யாரோ ஒருவர் வைக்கும் பெயர். மைக் லெவனை ‘எல்’ என்று அழைக்கிறான். பிறகு தாய் வைத்த ஜேன் என்ற பெயர் தெரியவருகிறது. அப்புறம் போலீஸ் அதிகாரி ஹாப்பர் அவளை மகளாக ஏற்று, தன் பெயரையும் சேர்த்துத் தருகிறார்.

கே: பள்ளிக்கூடத்தில் லெவனை உப்புத் தண்ணீரில் மிதக்கவிடுகிறார்களே, அறிவியலா, அளப்பா? (வாசகர், விருதுநகர்)

ப: மிதப்பது அறிவியல். உப்பு சேரச் சேரத் தண்ணீரின் அடர்த்தி கூடி உடம்பு தானே மேலே நிற்கும். தொடரில் அறிவியல் ஆசிரியர் தொலைபேசியில் சொல்லும் அளவு, சுமார் 680 கிலோ உப்பு! தண்ணீர் தோலின் வெப்பத்திலேயே இருந்தால் உடம்பு எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போகும். இப்படி ஒளி, ஒலி, தொடு உணர்வை விலக்கும் தொட்டியை ஜான் லில்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1954இல் அமைத்தார். அதில் படுத்து வேறு உலகத்தை எட்டிப் பார்ப்பது டஃபர் சகோதரர்களின் கைவண்ணம்.

கே: லெவனும் ரோல் தாலின் நாவல் நாயகி மட்டில்டாவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? (பள்ளி மாணவன், தஞ்சாவூர்)

ப: மோத மாட்டார்கள். மட்டில்டா அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பாள்.

கே: மில்லி பாபி பிரவுன் முன்பு போல இல்லையே, ஏன்? (வாசகர், வேலூர்)

ப: வளர்ந்துவிட்டார். 14 வயதில் யுனிசெஃப் நல்லெண்ணத் தூதரானார். 21 வயதில் அவர் முகம் முதிர்ந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுத, அது செய்தியல்ல, துன்புறுத்தல் என்று 2025 மார்ச்சில் நேருக்கு நேர் பதில் சொன்னார். பன்னிரண்டு வயதிலேயே அவர் நிற்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது.

கே: என் பத்து வயது மகன் இந்தத் தொடரைப் பார்க்கலாமா? (தந்தை, பாண்டிச்சேரி)

ப: இப்போது வேண்டாம். ரத்தமும் பயமும் பத்து வயதுக்கு அதிகம். நான்கைந்து ஆண்டு கழித்து, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பூனை வரும் காட்சியில் நிறுத்தி, அவன் என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள். அதுவரை ‘மட்டில்டா’ புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள்.