மூர்க்கமான டோலிகள்

நவம்பர் மாதக் கொடைக்கானலில் பார்ப்பதற்கு எல்லாம் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. கோக்கர்ஸ் வாக்கில் டிக்கெட் எடுத்து உள்ளே போனால் ஒரு பெரிய வெள்ளை வேட்டியை விரித்துக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் அறையை விட்டு நகராமல், கம்பளிக்குள் கிடந்து ‘ஹாப்சன்-ஜாப்சன்’ படித்தேன்.

இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களின் வாயில் நுழைந்த நம்மூர்ச் சொற்களுக்கான அகராதி அது. தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த ஆர்தர் பர்னெலும் கர்னல் ஹென்றி யூலும் சேர்ந்து தொகுத்தது. புத்தகம் வந்தது 1886-இல். பர்னெல், பாவம், 1882-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மொஹரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று எழுந்த ஓலம் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்று விழுந்திருக்கிறது. காதில் தப்பாக விழுந்ததையே அட்டையில் போட்டுக்கொண்ட அகராதி வேறு எங்காவது இருக்குமா, தெரியவில்லை.

மிளகுத்தண்ணீர் கப்பலேறி ‘முல்லிகடானி’ ஆன கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கடுத்த கதைதான் எனக்குப் புதிது. வங்காளத்தில் உத்தியோகம் பார்த்த துரைமார்களுக்கு ‘குவை-ஹை’ என்று பட்டப்பெயராம். எந்நேரமும் ‘கோயி ஹை’ என்று வேலைக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களே, அதனால். பம்பாய்க்காரர்கள் ‘டக்’. வாத்து என்று நினைக்கவேண்டாம், அது அந்த ஊர்க் கருவாடு. நம் மதராஸ் துரைகளுக்கு ‘முல்’. அதாவது முல்லிகடானியின் தலைப்பகுதி மட்டும். லண்டனில் பரீட்சை எழுதி, கப்பலில் வந்திறங்கி, ஒரு ஜில்லாவையே கட்டி ஆண்டவரை ரசத்தின் பெயரால், அதுவும் கால் டம்ளர் ரசமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். 1863-இல் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கிய மதுரைக் கலெக்டர் லெவிஞ்சும் அந்தக் கணக்கில் ஒரு முல்தான். இது தெரிந்ததிலிருந்து ஏரிக்கரையில் நடந்தால் அவர்மேல் ஒரு பாசம் வருகிறது.

மத்தியானம் சாப்பிடப்போன இடத்தில் மெனு கார்டில் அதே முல்லிகடானி, 240 ரூபாய். “ரசம்தானே இது?” என்றேன். “ரசம் மீல்ஸோட ஃப்ரீ சார். இது சூப்பு” என்றார் சர்வர். பருப்பும் ஆப்பிளும் மிதக்க, கூழாக வந்தது. என் மனைவி ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, “ரசம் இப்படி ஆயிட்டா நாம கீழ ஊத்திருவோம். இவங்க பில் போடுறாங்க” என்றாள்.

அவளைச் சிரிக்கவைக்கலாமே என்று சாயங்காலம் இன்னொன்றை எடுத்தேன். பிரான்சிஸ் குரோஸ் தொடங்கிவைத்த லண்டன் கொச்சைச்சொல் அகராதியின் 1811-ஆம் வருஷப் பதிப்பு. அதில் நம் கட்டுமரம் இருக்கிறது. பொருள்: எலும்பும் தோலுமான கிழவி. “பாத்தியா, நம்ம மரத்தை எடுத்துட்டுப்போய் என்ன பண்ணியிருக்காங்க!” என்றேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்தவள், “கப்பல் உடைஞ்சு தண்ணியில கிடக்கறவனைக் கரை சேர்க்கிற மிதவைன்னும் போட்டிருக்கே. அதை ஏன் படிக்கல?” என்று கேட்டாள். கரை சேர்ந்தவன் எதிர்த்துப் பேசக்கூடாது. பக்கத்தைப் புரட்டினேன்.

திண்டுக்கல் சுருட்டுக்கு ஹாப்சன்-ஜாப்சன் தரும் பொருள் வெறும் புகையிலைச் சுருள். சுருட்டுதலுக்கு நாம் வைத்திருக்கும் இன்னொரு பொருளைக் காணோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு அதை அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ளும் அவசியம் இல்லை.

கூலிதான் கொஞ்சம் உறுத்தியது. குஜராத்துக் கோலி இனத்தாரிடமிருந்து வந்ததா, தமிழ்க் கூலியா என்று அகராதிக்கே ஒரு தடுமாற்றம். எதுவானாலும், நம்மிடம் கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுக்கவேண்டிய காசு. ஆங்கிலத்தில் காசு எப்படியோ காணாமல்போய் ஆள் மட்டும் நிற்கிறான்.

இந்த மலைக்கு அந்த ஆள் இல்லாமல் ஆகியிருக்காது. கீழே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்ப, அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் 1845-இல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்தான பாதை. மோட்டார் ரோடு வருவதற்குப் பல பத்தாண்டுகள் இருந்தன. துரைகள் குதிரையில் ஏறினார்கள், துரைசாணிகளையும் பிள்ளைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். டோலி என்றால் ஒரு மூங்கில், அதில் தொங்கும் ஒரு தூளி, ஆளுக்கொரு தோள். ஆனால் இங்கிலாந்துப் பார்லிமென்டில் ஒரு கனவான், மூர்க்கமான டோலிகள் மலையிலிருந்து பாய்ந்து வந்து நம் காயம்பட்ட வீரர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டன என்று நெஞ்சுருகப் பேசியதாக ஒரு கதை உண்டு. டோலியை ஏதோ ஒரு மலைச்சாதி என்று நினைத்துவிட்டார். அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதற்குக் கிடைத்த பெயர் அது.

அந்தப் பழைய பாதையில் கொடைக்கானலிலிருந்து கீழே இறங்கினால் வெள்ளகவி வரும். ரோடு இல்லாமல் நோயாளிகளை அங்கிருந்து டோலி கட்டித் தூக்கிவந்த செய்தி அண்மைக்காலம்வரை பேப்பரில் வந்துகொண்டிருந்தது. வட்டக்கானலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, நீங்க டோலி தூக்கியிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க தாத்தா வெள்ளைக்காரனைத் தூக்குனாரு. நான் எங்க அப்பத்தாளத் தூக்குனேன். வெள்ளைக்காரன் பேசாம குந்தியிருப்பானாம். அப்பத்தா மலை ஏறி முடியறவரைக்கும் என்னைய வஞ்சுக்கிட்டே வந்துச்சு.”

பார்லிமென்ட் கதையைச் சொன்னேன். டீயை உறிஞ்சியபடி முழுசாகக் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை.

“தூக்கினவங்களுக்குக் கூலி குடுத்தாங்களாமா?”

“அது தெரியலைங்க.”

“பாக்கி வச்சிருப்பாங்க. பெறகு, மூர்க்கமா வராம வேற எப்பிடி வருவான்?” என்றார்.