அவதாரம் தேவை, அனுபவம் அவசியமில்லை

விண்வெளிக் காவியம் எழுத மூன்று சாமான்கள் போதும். எப்போதோ யாரோ சொல்லிவைத்துப் போன ஒரு தீர்க்கதரிசனம், அதில் மாட்டிக்கொள்ள ஒரு பையன், கறுப்பு அங்கியில் ஒரு வில்லன். 1999இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், பாலைவனக் கிரகத்தில் அடிமையாகக் கிடந்த அனகின் என்ற சிறுவனைக் கண்டெடுத்து, ரத்தப் பரிசோதனை செய்து, ‘இவன்தான் அவன்’ என்று முடிவுகட்டுகிறார்கள். அதே ஆண்டு ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆசாமியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ‘நீதான்’ என்கிறார்கள். இரண்டு படத்திலும், ‘தம்பி, உனக்கு இந்த வேலையில் விருப்பம் உண்டா?’ என்று ஒப்புக்குத்தான் விசாரிக்கிறார்கள்.

இந்தக் கதையை 1909இலேயே அடையாறு முகத்துவாரத்து மணலில் நிஜ மனிதர்களை வைத்து நடத்திப் பார்த்துவிட்டது நம்ம சென்னை. ரத்தப் பரிசோதனைகூட இல்லை. கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார்கள்.

முதலில் பின்கதை. 1875இல் நியூயார்க்கில் மேடம் பிளாவட்ஸ்கி என்ற ரஷ்ய அம்மணியும் கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கரும் இன்னும் சிலரும் சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் ஞானத்துக்கு இடம் போதவில்லை போலும். பம்பாய் வழியாக வந்து, 1882இல் அடையாற்றின் தென்கரையில் ஒரு தோட்டத்தை வாங்கிக் குடியேறினார்கள். அங்கே ஓர் அலமாரி இருந்தது. இமயத்துக்கு அப்பால் வாழ்ந்த மகாத்மாக்கள் அந்த அலமாரிக்குக் கடிதம் அனுப்புவார்கள். தபால்தலை கிடையாது, தபால்காரர் கிடையாது, தாமதமும் கிடையாது. 1884இல் அங்கே வேலை பார்த்த கூலோம் தம்பதி, அலமாரிக்குப் பின்னால் ரகசியப் பலகை இருக்கிறது என்று கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் என்ற இளைஞர் வந்து துப்பறிந்து, எல்லாம் மோசடி என்று அறிக்கை எழுதினார். அம்மணி 1885இல் கப்பலேறினார். பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை.

அறிவியல் புனைகதைக்கும் இந்தச் சபைக்கும் இருந்த உறவு தூரத்து உறவு அல்ல, சொந்தம்தான். 1871இல் புல்வர் லிட்டன் என்ற ஆங்கில நாவலாசிரியர், பூமிக்கடியில் வாழும் ஓர் உயர்ந்த இனத்தைப் பற்றி நாவல் எழுதி, அவர்கள் கையில் ‘வ்ரில்’ என்ற சக்தியைக் கொடுத்தார். ஒரு மாட்டிறைச்சிச் சாறு கம்பெனிக்காரர் அந்தப் பெயரைச் சுட்டு ‘போவ்ரில்’ என்று புட்டியில் அடைத்து விற்றார். மேடமோ வ்ரிலை நிஜமென்றே எடுத்துக்கொண்டு தன் நூலில் சேர்த்துவிட்டார். லெமூரியாவும் அப்படித்தான். தேவாங்கு வகை விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எப்படி வந்தன என்று விளக்க 1864இல் ஒரு விலங்கியலாளர் கற்பனை செய்த நிலப்பரப்பு அது. மேடம் அதில் முட்டையிலிருந்து பிறக்கும் ராட்சத மனிதர்களைக் குடியேற்றினார். நம்மவர்கள் பின்னால் அதே நிலத்தைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பட்டா வாங்கிக்கொண்டார்கள். அட்லாண்டிஸும் சபையின் வரைபடத்தில் உண்டு. அந்த நாட்டைக் கெடுத்தவர்கள் ‘இருண்ட முகப் பிரபுக்கள்’. ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடரின் தாத்தாக்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1907இல் ஆல்காட் காலமாக, தலைமை அன்னி பெசன்ட்டுக்கு வந்தது. அப்போது சபையில் ஒரு பெரிய பதவி காலியாக இருந்தது: உலக குரு. மைத்ரேயர் என்ற போதிசத்துவர் இறங்கிவரப் போகிறார். இறங்க ஓர் உடம்பு வேண்டும். தேர்வாளர், சார்லஸ் லெட்பீட்டர் என்ற முன்னாள் பாதிரியார். பையன்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிப் புகார் எழுந்து 1906இல் சபையை விட்டு விலகி, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். இந்தக் கதையில் சிரிக்க முடியாத இடம் இதுதான். ரத்தப் பரிசோதனை நடத்த வேண்டியது பையனுக்கல்ல, தேர்வாளருக்கு.

லெட்பீட்டர் ஏற்கெனவே ஹூபர்ட் வான் ஹூக் என்ற அமெரிக்கப் பையனைப் பதவிக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். இதற்கிடையில் 1909இல் அடையாறு கடற்கரையில் குளிக்கப் போனவர், அங்கே நின்ற ஒரு தெலுங்குப் பையனைப் பார்த்தார். அவன் தலையைச் சுற்றி, சுயநலத்தின் சாயலே இல்லாத ஒளிவட்டம் தெரிந்ததாம். கூட இருந்த எர்னஸ்ட் வுட் என்ற உதவியாளருக்கு ஒரே ஆச்சரியம். அந்தப் பையனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து அலுத்தவர் அவர். பையன் மந்தம் என்பது அவருடைய கணிப்பு.

பையன் பெயர் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவன். எட்டாவது பிள்ளை, அதனால் கிருஷ்ணன். தாயை இழந்தவன். அப்பா நாராயணையா, வருவாய்த் துறையில் ஓய்வு பெற்று, பலமுறை விண்ணப்பம் போட்டுச் சபையில் வேலை வாங்கியவர். பையனும் தம்பி நித்யாவும் அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் பென்னாத்தூர் சுப்பிரமணியம் உயர்நிலைப் பள்ளிக்கு நடந்தே போவார்கள். பாடம் ஏறாததால் அண்ணனுக்குக் கிட்டத்தட்ட தினமும் பிரம்படி. அதாவது மயிலாப்பூர் வாத்தியாருக்கு அந்த ஒளிவட்டம் தெரியவில்லை. பிரம்பு மட்டும் தெரிந்தது.

தேர்வு முடிந்ததும் ரிப்பேர் வேலை தொடங்கியது. பள்ளியிலிருந்து நிறுத்தம். தலைமுடி வளர்த்து நடுவகிடு. பிடிக்காத பாலைக் குடிக்கச் சொன்னார்கள். வாயைப் பிளந்து நின்றதற்காக லெட்பீட்டர் தாடையில் ஓர் அடி கொடுத்தார். உலக குருவுக்கும் அடி நிற்கவில்லை, அடிப்பவர் மாறினார், அவ்வளவுதான். 1909 நவம்பரில் ஹூபர்ட் தன் தாயோடு அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினான். ஆண்டவனின் உடம்பாக வேலையில் சேர வந்தவனுக்கு, அந்த இடம் நிரம்பிவிட்டது என்று தகவல் சொல்லப்பட்டது.

அடுத்து முன்கதைப் படங்கள் எடுக்க வேண்டுமல்லவா? லெட்பீட்டர் ஞானக் கண்ணால் பையனின் முப்பது முற்பிறவிகளைப் பார்த்துத் தொடராக எழுதினார். கி.மு. 22,662இல் தொடங்கி கி.பி. 624இல் முடியும் சீரியல் அது. பையனுக்குத் திரைப்பெயர் அல்சியோனி. பெசன்ட் ஹெராக்ளிஸ், லெட்பீட்டர் சிரியஸ், எல்லாம் வானத்து நட்சத்திரங்களும் கிரேக்க வீரர்களும். ஒரு பிறவியில் கணவன், அடுத்ததில் மகள், அதற்கடுத்ததில் மாமியார் என்று சபைக்காரர்களுக்கே வேடங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. அடையாறில் அப்போது முக்கியமான கேள்வி, ‘நீங்கள் தொடரில் இருக்கிறீர்களா?’ என்பதுதான். இருப்பவர்கள் இல்லாதவர்களைக் கொஞ்சம் மேலிருந்து பார்த்தார்கள். வில்லனும் இருந்தான், பெயர் ஸ்கார்ப்பியோ. பிறவிதோறும் துரத்தி வருகிற விருச்சிகம். 1913இல் வந்த இன்னொரு நூலில் கதை சந்திரனுக்கே போய்விட்டது. அங்கே அன்னி பெசன்ட், லெட்பீட்டர், கிருஷ்ணமூர்த்தி மூவரும் குரங்கு போன்ற பிராணிகளாக ஒரு குடிசையைச் சுற்றி விசுவாசமாகத் திரிகிறார்கள். இதை எதிரிகள் கிளப்பிவிடவில்லை. அவர்களே அச்சடித்து விற்றார்கள்.

1911இல் பையனுக்காக ‘கிழக்கின் நட்சத்திரம்’ என்ற அமைப்பு உருவானது. உறுப்பினர்கள் சட்டையில் வெள்ளி நட்சத்திரம் குத்திக்கொண்டார்கள். பையன்கள் இருவரும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போதுதான் நாராயணையா விழித்துக்கொண்டார். 1910இல் பிள்ளைகளைப் பெசன்ட்டின் பொறுப்பில் விட்டுக் கையெழுத்துப் போட்டவர், 1912இல் ‘பிள்ளைகளைத் திருப்பிக் கொடு’ என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். லெட்பீட்டர் பற்றிய புகார்தான் வழக்கின் முள். அப்பாவுக்கு வக்கீல் சி.பி. ராமசாமி ஐயர். தனக்குத் தானே வாதாடினார் பெசன்ட். நீதிபதி பேக்வெல் 1913இல் பிள்ளைகளை அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்னார். பெசன்ட் மேல்முறையீட்டிலும் தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1914இல் வென்றார். ‘பையன்களின் விருப்பம் என்ன என்று யாருமே கேட்கவில்லையே?’ என்பது அங்கே எழுந்த கேள்வி. ஐந்து வருட அவதார வரலாற்றில் அந்தச் சந்தேகம் முதலில் வந்தது வெள்ளைக்கார நீதிபதிகளுக்குத்தான். சி.பி.யோ பிற்பாடு பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்திலேயே சேர்ந்து முக்கியத் தளபதியானார். எதிர் முகாம் வக்கீல் இந்தப் பக்கம் வந்து சேர்கிற திருப்பத்தை ‘ஸ்டார் வார்ஸ்’காரர்களே யோசிக்கவில்லை. அதே 1914இல் புதுச்சேரியில் இருந்த பாரதி, ‘பொன் வால் நரி’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதி பெசன்ட் அம்மையாரை நன்றாக வாரினார். ஒவ்வொரு காவியத்துக்கும் ஒரு கிண்டல் படம் வருமே, அது.

உலக குரு இங்கிலாந்தில் என்ன செய்தார்? பரீட்சை எழுதினார். தோற்றார். மறுபடி எழுதினார். மறுபடி தோற்றார். ஆக்ஸ்ஃபோர்டு சேர்த்துக்கொள்ள மறுத்தது. மைத்ரேயர் இறங்கப்போகிற உடம்புக்கு லண்டன் மெட்ரிகுலேஷன் மட்டும் கடைசிவரை இறங்கவில்லை.

1925 ஆகஸ்டில் ஹாலந்தில் திடீரென்று பதவி உயர்வு மழை. உலக குரு வந்தால் சீடர்கள் பன்னிருவர் வேண்டுமே என்று, ஜார்ஜ் அருண்டேல் என்ற சபைக்காரர் தலைமையில் சூட்சும உலகிலிருந்து பட்டியல் இறங்கியது. பட்டியல் தயாரித்தவர்கள் பட்டியலில் இருந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி அப்போது கலிஃபோர்னியாவில், காசநோயில் கிடந்த தம்பி நித்யாவுக்குப் பக்கத்தில் இருந்தார். நித்யா பிழைப்பான், அவன் பணிக்குத் தேவை என்று மகாத்மாக்கள் உறுதி சொல்லியிருந்தார்கள். நவம்பரில், அண்ணன் கப்பலில் அடையாறு வந்துகொண்டிருக்கும்போதே நித்யா இறந்தான். அலமாரிக் கடிதம் பொய்யானபோது சபை தாங்கிக்கொண்டது. இதை அவரால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் பேச்சு மாறத் தொடங்கியது. எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுச் சொந்தமாகப் பேசினார். 1926இல் ஹாலந்தின் ஓமன் முகாமில் ஒரு மாலை, பேச்சு நடக்கும்போதே வெட்ஜ்வுட் என்ற சபைப் பிஷப், பெசன்ட்டின் காதில் ஏதோ குசுகுசுத்தார். பிறகு பெசன்ட் கிருஷ்ணமூர்த்தியிடமே அதைச் சொன்னார்: உன் வழியாகப் பேசியது பலம் வாய்ந்த ஒரு கறுப்பு மந்திரவாதியாம். கிருஷ்ணமூர்த்தி ஆடிப்போனார். நீங்களும் அதை நம்பினால் நான் இனி மேடை ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

காவியங்களின் தொழில் ரகசியம் இந்த ஒரு குசுகுசுப்பில் இருக்கிறது. அனகின்தான் பிறகு டார்த் வேடர். மீட்பனும் வில்லனும் ஒரே ஆள் என்பதைப் பெரிய திருப்பமாகக் காட்டுகிறார்கள். அடையாறில் அதற்கு முகமூடி, மூச்சு சத்தம் எதுவும் தேவைப்படவில்லை. ஊமையாக இருக்கும்வரை அவன் மைத்ரேயன். ஒரு வாக்கியம் சொந்தமாகப் பேசினால் மந்திரவாதி. கறுப்பு அங்கி பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அது எப்போதும் தைத்துத் தயாராகத் தொங்குகிறது. தீர்க்கதரிசனத்துக்குத் தலையாட்ட மறுப்பவர் யாரோ அவர் தோளில் போடப்படுகிறது. ‘டூன்’ நாவலில் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் இதற்குப் பக்கத்தில் வந்தார். தீர்க்கதரிசனங்களை ஒரு சகோதரிகள் சங்கம் முன்கூட்டியே கிரகம் கிரகமாக விதைத்துவைக்கிறது. ஆனால் அங்கேயும் கதாநாயகன் பால், விளைந்ததை அறுவடை செய்யத்தான் செய்கிறான்.

கிருஷ்ணமூர்த்தி செய்யவில்லை. 1929 ஆகஸ்ட் 3, அதே ஓமன். பெசன்ட் முன்னிலையில், சுமார் 3,000 நட்சத்திரக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அமைப்பைக் கலைக்கிறேன் என்று அறிவித்தார். உண்மைக்குப் போட்டுவைத்த பாதை கிடையாது, ஆகவே வழிகாட்டும் அமைப்பும் வேண்டாம், சீடர்களும் வேண்டாம் என்றார். அவர்களுக்காகத் தரப்பட்டிருந்த கோட்டையையும் நிலத்தையும் கொடுத்த பிரபுவுக்கே திருப்பிக் கொடுத்தார். பதவிக்குத் தான் தகுதியில்லை என்று ராஜினாமா செய்திருந்தால் வேறு பையனைத் தேடியிருப்பார்கள். ஹூபர்ட்டை நினைத்துப் பாருங்கள். இவர் பதவியையே ஒழித்துவிட்டார். இருபது வருடம் சபையில் யாரும் கேட்காத கேள்விக்கு அவராகவே பதில் சொன்னார்: ‘விருப்பமில்லை.’ வருகை எங்கோ பிசகிவிட்டது என்று லெட்பீட்டர் சமாதானம் சொன்னார். ரயில் தப்பிவிட்டது என்கிற தொனியில்.

பக்கத்திலேயே இன்னொரு நியமனமும் நடந்தது. 1928இல் ‘உலக மாதா’ என்ற பதவிக்கு அருண்டேலின் இளம் மனைவி ருக்மிணி தேவியின் பெயரை பெசன்ட் அறிவித்தார். ருக்மிணி தேவியும் அந்தச் சிம்மாசனத்தில் உட்காரவில்லை. மேல்தட்டினர் முகம் சுளித்த சதிரைக் கற்றார். 1935இல் அடையாறில் மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பிரபஞ்சத்தைக் காப்பதைவிட அடவு சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும். நல்லவேளை.

நட்சத்திர அமைப்பைக் கலைத்த பிறகு கூட்டமும் கலைந்ததா? அதுதான் இல்லை. கிருஷ்ணமூர்த்தி 1986 வரை உலகம் சுற்றி, ‘என்னைக் குருவாக்காதீர்கள்’ என்று பேசினார். கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் மரத்தடியில் ஜமக்காளம் விரித்து, முன்வரிசைக்குப் போட்டி போட்டு உட்கார்ந்து, அதைப் பக்தியோடு கேட்டார்கள்.

நாம் பழக்கத்தை விடுகிற ஜாதி இல்லை. 2017 டிசம்பர் 31 அன்று கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில், அரசியலுக்கு வருவது உறுதி என்று ரஜினிகாந்த் அறிவித்தபோது ரசிகர்கள் இருபது வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். 2020 டிசம்பர் 29 அன்று உடல்நிலையைச் சொல்லி வரவில்லை என்றார். அடுத்த ஜூலையில் தன் ரஜினி மக்கள் மன்றத்தையும் கலைத்துவிட்டார். ஓமனுக்கும் ரஜினியின் போயஸ் தோட்டத்துக்கும் நடுவில் 92 வருடம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருவரும் ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொன்னார்கள். நாம் அதற்குள் அடுத்த போஸ்டருக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை யார் என்று இன்னும் முடிவாகவில்லை. பையனைக் கேட்கப் போவதுமில்லை.