பழைய மண்டபத்தைப் பசுமையாக்குவது எப்படி?

உங்கள் வளாகத்தில் ஓட்டுக்கூரை போட்ட பழைய விரிவுரை மண்டபம் ஒன்று இருக்கிறதா? கவலை வேண்டாம். ஒரு குழுவும் கொஞ்சம் நிதியும் கிடைத்தால் அதைப் பசுமைக் கட்டடமாக்கிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: வேலை முடியும்வரை பேராதனைப் பல்கலைக்கழகப் பக்கம் போகாதீர்கள், மனம் மாறிவிடும். பெற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் போட்ட திட்டத்தை வைத்து ஷேர்லி டி அல்விஸ் அங்கே எழுப்பியவை, நம் வேலைக்கு ஆகாத கட்டடங்கள். கூரை சுவரைத் தாண்டி இறங்கி நிற்கிறது. மழைச்சாரல் சுவரைத் தொடாது, உச்சிவெயில் உள்ளே எட்டிப் பார்க்காது. ஹந்தானை மலைக் காற்று ஒரு ஜன்னலால் வந்து மறு ஜன்னலால் போகிறது. பல்கலைக்கழகம் 1952இல் அங்கே குடிவந்ததிலிருந்து அந்தக் காற்றுக்கு யாரும் பில் போடவில்லை. இப்படிப் போனால் ஏசி விற்பவர் எப்படிப் பிழைப்பது?

ஆகவே முதலில் இறவாணத்தை வெட்டுங்கள். விறாந்தையை அலுமினியமும் கண்ணாடியும் போட்டு அடைத்தால் ஒரு அலுவலக அறை இனாம். ஓட்டை இறக்கித் தகடு ஏற்றுங்கள். இப்போது மண்டபம் போறணையாகும். பயப்படாமல் ஏசி பூட்டுங்கள். மின்கட்டணம் ஏறும், அதுதான் நமக்கு வேண்டியது. கட்டணத்தைக் காட்டி நிதி கேட்டு, அதே தகட்டின் மேல் சோலார் பலகை பதியுங்கள். வெயிலை உள்ளே விட்டு, அந்த வெயிலாலேயே அதை விரட்டுகிறோம். விருதுக்கு விண்ணப்பிக்க இது போதும்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் அக்குறணையைக் கேளுங்கள். பிங்கா ஓயாவின் கரையை நெருக்கிக் கட்டிக் கட்டி, ஓயாவுக்குப் போக இடமில்லாமல் செய்தோம். அதுவும் கோபிக்காமல், பெருமழைக்கு ஏ-9 வீதியில் ஏறிக் கடைக்குள் வந்துவிடுகிறது. சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றுவதில் எங்களை வெல்ல ஆளில்லை. உங்கள் வளாகத்திலும் மழைத்தண்ணீர் இறங்கும் பள்ளம் ஒன்று இருக்கும். அதை நிரப்பி, கல் பதித்து, வாகனத் தரிப்பிடமாக்குங்கள். ‘நீரைச் சேமிப்போம்’ என்ற பலகையைச் சற்று உயரமாக நடுங்கள், வெள்ளத்திலும் வாசிக்க வேண்டுமே.

திறப்பு விழாவில் மரநடுகை அவசியம். தரிப்பிடத்துக்காகப் பிடுங்கிய மரத்தின் குழி எங்காவது மூடாமல் கிடந்தால் அதிலேயே நடலாம், தோண்டும் கூலி மிச்சம்.