புள்ளி ஆறு செங்கல்

ஏலே பேராண்டி, உத்தம் நகர்ல 50 கஜம் மனை வாங்கிட்டியாம்லா? சந்தோசம். 50 கஜம்னா 450 சதுர அடி. நம்மூர்ல மாட்டுத்தொழுவு அதவிடப் பெருசு. அதுக்கு நாப்பது பக்கத்துல எஸ்டிமேட்டா? செங்கல் 17,342.6-னு போட்டிருக்கே, அந்தப் புள்ளி ஆறு செங்கல எந்தச் சூளையிலலே விக்கான்?

போனு சொல்லுச்சாம். போனு என்னைக்குலே சாந்து குழைச்சது?

டெல்லில சாரம் ஏறியே முடி நரைச்சவன் சொல்லுதேன், மடியில முடிஞ்சுக்கோ. ஒம்பதங்குலச் சுவரு, பத்தடி நீளம், பத்தடி உசரம். ஆயிரம் செங்கல். அம்புட்டுதான். கன அடிக்குப் பதிமூணரை கல்லு. கதவு, ஜன்னலைக் கழி. உடைசலுக்கு நூத்துக்கு அஞ்சு கூட்டு.

அச்சுல வந்தா நம்பிருவியோ? ராஷ்டிரபதி பவனுக்கு 70 கோடி செங்கல்னு ஊரெல்லாம் எழுதி வச்சிருக்கான். தளமெல்லாம் சேத்து 2 லட்சம் சதுர அடியாம். ஒருநா தூக்கம் வராம வகுத்துப் பாத்தேன். 70 கோடி கல்லுன்னா அஞ்சு கோடி கன அடிக்கு மேல வருது. அதை 2 லட்சம் சதுர அடில அடுக்குனா 259 அடி உசரம்! கதவில்லாம, ரூமில்லாம, கெட்டியா ஒரே செங்கக் கட்டி. குதுப்மினாரே 238 அடிதாம்லே. பெறவு ஜனாதிபதி எங்கன உக்காருவாரு? லுட்யன்ஸ் துரை அப்படியா கட்டுனான்? அஸ்திவாரம், மதிலு எல்லாஞ் சேத்தாலும் இடிக்குது. எவனோ தூக்கத்துல ஒரு சைபர் கூடப் போட்டிருப்பான். மத்தவன் கண்ண மூடிக்கிட்டு ஒத்தி எடுத்திருப்பான்.

மணலுக்கு வா. கோழி நனைஞ்சா சுருங்கும். மணலு லேசா நனைஞ்சா உப்பும். அவன் 100 கன அடினு கொட்டுவான், காஞ்சா 80 தேறுனா உன் யோகம். கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் அள்ளிப்போடு, முங்குற வரைக்கும் தண்ணி ஊத்து, குலுக்கு. எம்புட்டு இறங்குதோ அம்புட்டுக்குத் துட்டைக் குறை. அவன் மொறைப்பான். மொறைக்கட்டும், மொறைப்புக்குக் காசு கேக்க மாட்டான்.

நாப்பது பக்கத்துல கார்த்திகை மாசம் எங்கலே இருக்கு? டெல்லியப் புகை மூடுனதும் காத்து மாசுக் கட்டுப்பாடு மூணாம் கட்டம்னு அறிவிப்பான். தூசி கிளப்புற வேலையெல்லாம் நிப்பாட்டுனு உத்தரவு வரும். நீ வெலை சல்லிசுன்னு மொத்தச் சிமெண்டையும் வாங்கி அடுக்கியிருப்பே, அதுவும் வெறுந்தரைல. மூணு மாசத்துல கால்வாசிச் சத்து போயிரும். மூட்டை மட்டும் சம்பந்தி மாதிரி விறைப்பா நிக்கும்.

என்ன முழிக்கே? அந்த டேப்பை எடு. பக்கத்து வீட்டுக்காரன் சுவரு உன் மனைக்குள்ள அரையடி வந்து நிக்கு. அன்னைக்கு டீ குடிக்க வந்தப்பவே பாத்துட்டேன். உன் போனு சொல்லுச்சா?